அறுக்காமல் விட்ட வயலோரம்

அன்புள்ள ஐயா,

எங்கள் ஜெபக்குழுவில் இரண்டு வருடமாக யூதப் பண்டிகைகளை ஆசரிக்கிறோம். பஸ்கா இரவில் புளிப்பில்லா அப்பமும் கசப்பான கீரையும் வைத்து, இயேசு செய்தபடியே செதேர் விருந்து நடத்துகிறோம். எக்காளப் பண்டிகைக்கு ஷோஃபார் என்ற ஆட்டுக்கடாக் கொம்பை ஊதுகிறோம். லேவியராகமம் 23-ல் உள்ள பண்டிகைகளைக் கைக்கொள்ளாதவன் பாதிக் கிறிஸ்தவன் என்கிறார் எங்கள் ஊழியர். என் மனைவியோ வர மறுக்கிறாள். யார் சொல்வது சரி?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

கொலோசெயர் 2:16-ஐ வாசியுங்கள். பண்டிகை நாளையும் ஓய்வுநாளையும் வைத்து ஒருவரும் உங்களைக் குற்றப்படுத்த இடம் கொடுக்காதீர்கள் என்கிறார் பவுல். உங்கள் மனைவியைத் தொந்தரவு செய்யாதீர்கள். ஷோஃபார் ஊதுவது உங்கள் விருப்பம்.

ஆனால் 'இயேசு செய்தபடியே' என்பது தவறு. அவர் காலத்துப் பஸ்காவின் மையம் எருசலேம் ஆலயத்தில் பலியிட்ட ஆட்டுக்குட்டி. கி.பி. 70-ல் ரோமர் ஆலயத்தை அழித்த பிறகு, பலியிட இடமில்லாமல் போன மக்கள் வீட்டு மேசையில் உருவாக்கிக்கொண்டதுதான் இன்றைய செதேர். அந்தப் பஸ்கா அப்பத்தில் கிறிஸ்தவக் குழந்தைகளின் ரத்தத்தைக் கலக்கிறார்கள் என்று பொய் சொல்லியே நம்மவர்கள் நூற்றாண்டுக்கணக்கில் யூதர்களைக் கொன்றார்கள். 1903-ல் ரஷ்யப் பேரரசின் கிஷினேவ் நகரில் ஈஸ்டர் ஞாயிறன்று தொடங்கிய வெறியாட்டத்தில் 49 பேர் செத்தார்கள். உங்கள் ஊழியர் இதைச் சொன்னாரா?

சரி, அதே 23-ம் அதிகாரத்தில் 22-ம் வசனத்தை உங்கள் குழுவில் என்றைக்காவது வாசித்தீர்களா? சில நாட்களாக எனக்கு அந்த நினைப்புதான். பெந்தெகொஸ்தே காணிக்கைகளைச் சொல்லி முடித்து, எக்காளத்துக்குப் போகும் முன் அங்கே ஒரு வயல் வருகிறது. அறுக்கும்போது ஓரத்தை முழுக்க அறுக்காதே, சிந்தின கதிரைப் பொறுக்காதே, எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிடு. பண்டிகைப் பட்டியலின் நடுவில் இதை ஏன் வைத்தார் கர்த்தர்? அந்த ஓரத்தை விடாமல் கொண்டுவரும் காணிக்கை அவருக்கு வேண்டாம் என்றுதான் நான் வாசிக்கிறேன். யூதர்கள் இதைக் கடந்து போகவில்லை. அவர்களுடைய பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் இதற்கென்றே 'பேயா', அதாவது 'ஓரம்', என்று ஒரு பகுதி இருக்கிறது. விளைச்சலில் 60-ல் ஒரு பங்காவது ஓரத்தில் நிற்க வேண்டும் என்கிறது. வாரங்களின் பண்டிகைக்கு, அதாவது அதே பெந்தெகொஸ்தேக்கு, ஜெப ஆலயத்தில் அவர்கள் வாசிப்பது, கதிர் பொறுக்க வந்த மோவாபியப் பெண் ரூத்தின் கதையை.

என் அம்மாவும் கதிர் பொறுக்கினவள். எனக்கு அப்போது எட்டு வயது. பிசான அறுப்பு முடிந்த வயலில், கதிரடித்த களத்தைச் சுற்றி, என்னையும் கூட்டிக்கொண்டு பொறுக்கினாள். வயல்காரர் எங்கள் சபையில் பெரிய மனிதர். வந்தார். அம்மாவின் மடியை அவிழ்க்கச் சொன்னார். ஒரு படி நெல்கூட இருக்காது, அதை அங்கேயே கொட்ட வைத்தார். அடுத்த ஞாயிறு அறுப்பின் பண்டிகை. நெல்மூட்டையோடு பீடத்தின் முன்னால் முதலில் நின்றவர் அவர்தான். அம்மா எங்கள் கோழியிட்ட முட்டை இரண்டை வைத்தாள். ஆராதனை முடிந்து ஏலம் போட்டபோது அந்த முட்டைகளை எடுத்தவரும் அவரே.

செதேரின் தொடக்கத்தில் யூதர்கள் சொல்லும் ஒரு வரி உண்டு: பசித்தவர் எவரும் வந்து உண்ணட்டும். உங்கள் விருந்திலும் சொல்லியிருப்பீர்கள். அந்த நேரம் வாசல்கதவு திறந்திருந்ததா, யாராவது உள்ளே வந்தார்களா என்று எனக்கு எழுதுங்கள், தம்பி.

அன்புடன்