கணுக்கால் பிசகினால் முழங்கால் பக்கம் எலும்பு உடையுமா?

உடையும். கணுக்கால் எக்ஸ்ரேயில் முறிவு இல்லை என்றார்கள், ஆனால் முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் வலிக்கிறது என்கிறீர்கள், அதை அலட்சியப்படுத்தாதீர்கள். பாதம் ஊன்றியிருக்க உடல் திரும்பினால், அந்த முறுக்கு இரு கால் எலும்புகளுக்கு நடுவிலுள்ள சவ்வைக் கிழித்தபடி மேலேறி, ஃபிபுலா எனும் மெல்லிய எலும்பை அதன் மேற்பகுதியில் உடைத்துவிடலாம். 1840-இல் இதை விவரித்த பிரெஞ்சு மருத்துவரின் பெயரால் இது மெசோனேவ் முறிவு. கணுக்கால் படத்தில் அந்த இடமே விழாது. கணுக்காலின் உட்பக்கமும் வீங்கி வலித்தால் சந்தேகம் வலுக்க வேண்டும். ஃபிபுலா முழுவதையும் மருத்துவர் விரலால் அழுத்திப் பார்ப்பது அவசியம்; கொஞ்ச நேர வேலைதான். மேலே தொட்டதும் சுரீரென்றால், முழங்கால் முதல் கணுக்கால் வரை எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். கணுக்கால் மூட்டு விலகியிருந்தால் பெரும்பாலும் அறுவை சிகிச்சை தேவைப்படும். அதுவரை எண்ணெய் போட்டு நீவ வேண்டாம், அந்தக் காலை ஊன்றி நடக்கவும் வேண்டாம்.