குப்பைத்தொட்டி மூடிக்குப் பின்னால்

கேள்வி: 1978-ல் பின்னால் விசிறி வைத்து வந்த பிரபாம் அணியின் ஃபார்முலா ஒன் பந்தயக் காரை ஒரே பந்தயத்தோடு தடை செய்துவிட்டார்களே! அதை வடிவமைத்த கார்டன் மர்ரேயின் மூளையைப் பார்த்துப் பொறுக்காதவர்கள் செய்த சதிதானே அது?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: சதி இருந்தது. செய்தவர்கள் பிரபாம்காரர்கள்.

இடம் ஸ்வீடனில் ஆண்டர்ஸ்டார்ப். பந்தயத் தடத்தோரப் பட்டறையான பிட்டில் அந்த பிடி46பி கார் நின்றபோதெல்லாம் அதன் பின்புறத்தை ஒரு குப்பைத்தொட்டியின் மூடி மறைத்துக்கொண்டிருந்தது. தகரம்தான், வட்டமானதுதான், விசிறிக்கு அளவெடுத்தது போல இருந்ததுதான். ஆனால் உலகத்தின் மிகக் கெட்டிக்கார எஞ்சினியர்கள் பத்துப் பதினைந்து பேர் நடமாடும் இடத்தில், பந்தயக் காருக்குப் பின்னால் குப்பைத்தொட்டி மூடி தொங்கினால் யாராவது குப்பையைப் பற்றி யோசிப்பார்களா? ஒரு துணியைப் போட்டிருந்தால் பாதிப்பேர் கவனித்திருக்க மாட்டார்கள். இது போதாதென்று தகுதிச் சுற்றில் அணியின் ஓட்டுநர்கள் நிக்கி லாடாவும் ஜான் வாட்சனும் டேங்க் நிறையப் பெட்ரோலைச் சுமந்துகொண்டு ஓட்டினார்கள், உண்மையான வேகம் வெளியே தெரியக்கூடாது என்று. அப்படியும் வாட்சன் 2-ஆம் இடம், லாடா 3-ஆம் இடம். கடைசியில் காட்டிக்கொடுத்தது காரேதான். நின்ற இடத்தில் ஆக்சிலரேட்டரை ஒரு மிதி மிதித்தால் போதும், ஸ்பிரிங்கை அமுக்கிக்கொண்டு கார் தரையோடு உட்காரும். அதற்கு எந்த மூடியைப் போட்டு மறைப்பது?

விசிறி வந்த காரணம் மர்ரேயின் மூளை மட்டுமல்ல, அவர் தலையில் கட்டப்பட்ட எஞ்சினும்தான். போட்டி அணியான லோட்டஸின் 79 காரில் இருந்த காஸ்வொர்த் வி8 எஞ்சின் ஒடுக்கமானது. அதன் இரு பக்கமும் காருக்கு அடியில் காற்றுக் குடைவுகள் அமைக்க இடம் இருந்தது. குறுகி விரியும் அந்தக் குடைவில் காற்று வேகம் பிடிக்கும், அழுத்தம் இறங்கும், கார் தரையைக் கவ்வும். பிரபாமிடம் இருந்ததோ ஆல்ஃபா ரோமியோவின் படுக்கை 12 சிலிண்டர். குடைவு வரவேண்டிய இடத்தில் சிலிண்டர் தலைகள் படுத்திருந்தன. ஆகவே மர்ரே எஞ்சினுக்கு மேல் ரேடியேட்டரைக் கிடத்தினார். எஞ்சின் அறையைச் சுற்றிலும் அடைத்து, தரையைத் தொடும் பாவாடை கட்டினார். உள்ளே இருக்கும் காற்றைப் பின்னால் ஒரு பெரிய விசிறி உறிஞ்சித் தள்ளும். விசிறிக்குச் சக்தி கியர்பாக்ஸிலிருந்து ஒரு தண்டு வழியாக, திடீர் அதிர்ச்சி தாங்க நடுவில் கிளட்ச்கள். முதலில் போட்ட இலைகள் சோதனையில் உடைந்தன. பிறகுதான் மெக்னீசியம் இலைகள் வந்தன.

சாதாரணக் காரில் கவ்வுபிடி காரின் வேகத்தைப் பொறுத்தது. இங்கே எஞ்சின் சுழற்சியைப் பொறுத்தது. வளைவில் வழுக்குகிறதே என்று காலை எடுத்தால் விசிறி தளரும், இன்னும் வழுக்கும். கியரைக் குறைத்து, சுழற்சியை ஏற்றி, மிதிக்க வேண்டும். லாடா போன்ற கணக்குப்பிள்ளைக்குத்தான் இது சரிப்பட்டது. ஜூன் 17 பந்தயத்தில் டிடியே பிரோனி ஓட்டிய டிர்ரெல் அணியின் கார் தடத்தில் எண்ணெயைக் கொட்ட, மற்றவர்கள் தடுமாறினார்கள். லாடா பொருட்படுத்தவில்லை. 34 விநாடி முன்னால் வந்து ஜெயித்தார். வாட்சன் த்ராட்டில் கோளாறில் சுழன்று வெளியேறிவிட்டார்.

இனி உங்கள் ‘தடை’. காற்றியக்கமே பிரதான வேலையாக இருக்கும் எந்த உறுப்பும் அசையக்கூடாது என்பது விதி. விசிறியின் பிரதான வேலை ரேடியேட்டரைக் குளிர வைப்பது, தரையைக் கவ்வுவது கொசுறு என்றது பிரபாம். இழுக்கும் காற்றில் பாதிக்கு மேல் ரேடியேட்டர் வழியாகப் போவதாகக் கணக்கும் காட்டியது. வெற்றி பறிக்கப்படவில்லை, இன்றும் ஏட்டில் இருக்கிறது. காரை முதலில் ஓரங்கட்டியவர் அணியின் முதலாளி பெர்னி எக்லெஸ்டோன். அணிகளின் சங்கத்தை நடத்திக்கொண்டிருந்தவர் அவர். மற்ற அணிகளின் எதிர்ப்பில் அந்தச் சங்கம் உடைந்தால், பல பந்தயங்களில் ஜெயித்து வரும் பணத்தைவிடப் பெரிய பணம் போய்விடும். கணக்குப் பார்த்தார், காரை வாபஸ் வாங்கினார். விசிறிக்கு விதியின் கதவைப் பந்தய நிர்வாகம் சாத்தியது அதற்குப் பிறகுதான். பொறாமைக்கு இதில் என்ன வேலை?

‘மர்ரேதான் முதல்’ என்று அடுத்த கடிதம் வருவதற்குள் சொல்லிவிடுகிறேன். 1970-லேயே வட அமெரிக்காவின் கேன்-ஆம் கார் பந்தயத்தில் டெக்ஸஸ்காரர் ஜிம் ஹால் தன் சாப்பரல் 2ஜே-யில் இரண்டு விசிறி வைத்தார். அவற்றைச் சுழற்ற, பனிச்சறுக்கு வண்டியின் டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் தனியாக. ஆகவே கார் மெதுவாகப் போனாலும் கவ்வுபிடி குறையாது. பந்தய வீரர் ஜாக்கி ஸ்டூவர்ட் வாட்கின்ஸ் கிளென் தடத்தில் அதை ஓட்டி அதிவேகச் சுற்று போட்டார். பழுதுகள் படுத்திய பாட்டில் அந்தக் கார் ஒரு பந்தயமும் ஜெயிக்கவில்லை, ஆண்டு முடிவில் தடையும் வந்தது. லோட்டஸ் குடைவுகளையும் அதன் முதலாளி பெயரில் ‘சாப்மன் கண்டுபிடிப்பு’ என்று எழுதும் பக்தர்களுக்கு இந்தப் பக்கத்தில் பலமுறை சொன்னதுதான்: லோட்டஸ் எஞ்சினியர்கள் பீட்டர் ரைட்டும் டோனி ரட்டும் இம்பீரியல் கல்லூரிக் காற்றுச் சுரங்கத்தில் வைத்த மாதிரிக் காரின் பக்கங்கள் தொய்ந்து தரையை நெருங்கியபோது கவ்வுபிடி ஏறியது. இடைவெளியை அட்டை ஒட்டி அடைத்ததும் இன்னும் ஏறியது. கோலின் சாப்மன் அதற்குப் பணமும் அனுமதியும் தந்தார். அதுவே பெரிய காரியம். அதைச் சொன்னால் போதாதா?

ஆண்டர்ஸ்டார்புக்கே விசித்திரமான கார்கள்மேல் ஒரு பிரியம். டெரெக் கார்ட்னர் வடிவமைத்த ஆறு சக்கர டிர்ரெல் பி34 தன் வாழ்நாளில் ஜெயித்த ஒரே பந்தயமும் அங்கேதான். 1976, அணியின் ஓட்டுநர்களில் ஷெக்டர் முதல், டெபாயே இரண்டாவது. முன்னால் நான்கு குட்டிச் சக்கரங்கள். அந்த 10 அங்குல டயரை வேறு யாரும் வாங்காததால் அதன் வளர்ச்சி நின்றது, காரும் நின்றது. ஆண்டர்ஸ்டார்பின் நீண்ட நேர்ப்பாதை விமான ஓடுதளமாகவும் பயன்பட்டது. நம் சோழவரம் பந்தயத் தடமும் பழைய ஓடுதளம்தான். ஓடுதளத்தில் பந்தயம் விடுவதில் ஒரு சௌகரியம், தடம் விட்டுப் போனால் மோத மரம் இருக்காது.

மர்ரே அதோடு ஓயவில்லை. 1981-ல் காருக்கும் தரைக்கும் 6 செ.மீ. இடைவெளி வேண்டும் என்று விதி வந்தது. அளப்பது நின்ற காரைத்தான். எண்ணெயும் காற்றும் அடைத்த சஸ்பென்ஷனைப் பிரபாமில் போட்டார் அவர். வேகத்தில் காற்றழுத்தம் காரை அமுக்கும், மெல்ல இறங்கும். பிட்டுக்குத் திரும்பும் சுற்றில் வேகம் குறைந்ததும் மெல்ல ஏறி 6 செ.மீ. காட்டும். அர்ஜென்டினாவில் பிரபாம் ஓட்டுநர் நெல்சன் பீக்கே இதை வைத்து ஜெயித்தார், இரண்டாவது வந்தவர் உள்ளூர்க்காரர் கார்லோஸ் ராய்ட்டமன். ஆண்டு முடிவில் உலகப் பட்டக் கணக்கில் பீக்கேவுக்கு 50 புள்ளி, ராய்ட்டமனுக்கு 49. மர்ரேமேல் வயிறெரிய நியாயம் உள்ள ஒருவரைத் தேடுகிறீர்கள் என்றால், அவரை விட்டுவிட்டீர்களே!