"அல்வா குடுத்துட்டாங்க" என்றால் ஏஐ என்ன நினைக்கும்?

நெல்லைச் சீமையில் சின்ன அளவில் விளம்பர ஏஜென்சி நடத்துகிறவர்கள், வாடிக்கையாளரின் வியாபாரக் கணக்கை ஏஐ கொண்டு ஆராய்வது பற்றிக் கேட்டவை இவை. ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

வண்ணாரப்பேட்டையிலிருந்து: அண்ணாச்சி, டவுன்ல ஒரு ஸ்வீட் கடை நம்ம கிளையண்ட். டாலி சாஃப்ட்வேர்ல போட்ட 2023, 2024 விற்பனைக் கணக்கை ஏஐ-கிட்ட குடுத்தேன். "நவம்பரில் விற்பனை கடும் சரிவு, பிராண்டின் மதிப்பு குறைகிறது"ன்னு அறிக்கை குடுத்துட்டு. முதலாளி நாங்கதான் கெடுத்துட்டோம்ங்காரு.

முதலாளியிடம் தீபாவளித் தேதிகளைக் காட்டுங்கள். 2023-இல் நவம்பர் 12, 2024-இல் அக்டோபர் 31. ஒரு நவம்பரில் தீபாவளி வியாபாரம் இருக்கிறது, அடுத்த நவம்பரில் இல்லை. ஸ்வீட் கடைக்கு இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஏஐ-க்குத் தீபாவளி தெரியும். ஆனால் நீங்கள் கொடுத்த அட்டவணையில் அது இல்லாததால் மாதத்தை மாதத்தோடு வைத்துக் கழித்துவிட்டது.

கணக்கு அட்டவணையில் ஒரு பத்தியை (காலம்) கூட்டுங்கள்: "தீபாவளிக்கு எத்தனை நாள் முன்". 21 நாள் முன்பிலிருந்து 3 நாள் பின்பு வரை ஒரு கட்டு. அந்தக் கட்டை ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடச் சொல்லுங்கள். 2025-இல் தீபாவளி அக்டோபர் 20 என்பதால் அந்த ஆண்டுக் கணக்கையும் சேர்க்கும்போது இது இன்னும் அவசியம். மேலப்பாளையத்தில் கிளை இருந்தால் ரம்ஜானுக்கும் இதே முறைதான். அது ஆண்டுதோறும் 10, 11 நாள் முன்னால் வந்துகொண்டே இருக்கும்.

இதற்கென்று தனி ஷீட் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், "ஊர் நாள்காட்டி" என்று. ஆனித் தேரோட்டம், குற்றாலம் சீசன், சித்திரை, ஆடி மாதக் கோயில் கொடை விழாக்கள், கடை அடைத்த நாட்கள் எல்லாம் அதில் ஏற வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தை மறந்துவிடாதீர்கள். கடை திரும்பத் திறந்த நாள் வரைக்கும் "மூடல்" என்று குறிக்க வேண்டும். குறிக்காவிட்டால் 2024 டிசம்பரில் பிரமாதமான வளர்ச்சி என்று அறிக்கை வரும், ஏஜென்சியும் அதைத் தன் சாதனையாகக் காட்டத் தோன்றும். காட்டினால், அடுத்த டிசம்பரில் அதே வளர்ச்சியை முதலாளி கேட்பார்.

பாளையங்கோட்டையிலிருந்து: டாலியில இருந்து எடுத்த ஃபைலை அப்படியே ஏத்தலாமா? ஒவ்வொரு தடவையும் வேற வேற மொத்தம் சொல்லுது.

அப்படியே ஏற்றக் கூடாது. மூன்று இடத்தில் உடையும்.

முதலில் தேதி. எக்ஸெல் அமெரிக்க முறையில் அமைந்திருந்தால் 05-07 என்பது ஜூலை 5-க்குப் பதிலாக மே 7 ஆகிவிடும். கண்டுபிடிப்பது சுலபம்: மாதத்தில் 12 வரையிலான தேதிகள் கட்டத்தின் வலப்பக்கமும், 13 முதல் உள்ளவை வெறும் எழுத்தாக இடப்பக்கமும் ஒட்டி நிற்கும். அடுத்து, 1,25,000 என்று நம் முறையில் கமா போட்ட தொகை. சில சமயம் அது எண்ணாகவே படிக்கப்படாமல் கூட்டலிலிருந்து நழுவிவிடும். மூன்றாவது சரக்குப் பெயர். "அல்வா 1/2", "அல்வா 500 கி", "ஹல்வா அரை" மூன்றும் ஒரே சரக்கு என்று ஏஐ ஊகிக்கும், அடுத்த முறை ஊகிக்காது. பெயர் மாற்றப் பட்டியலை நீங்களே ஒருமுறை எழுதிக் கொடுத்துவிடுங்கள், எடையை எல்லாம் கிராமுக்கு மாற்றிவிடுங்கள்.

மொத்தம் மாறி மாறி வருவதற்குக் காரணம், மொழி மாடல் கூட்டிப் பார்க்காமல் பதிலை எழுதிவிடுவது. "பைத்தான் கோட் எழுதி இயக்கிக் கணக்கிடு, கோட்டையும் காட்டு" என்று சொல்லுங்கள். முதல் வேலையாக எத்தனை வரி படித்தது, மொத்த ரூபாய் எவ்வளவு என்று கேளுங்கள். டாலியின் விற்பனைப் பதிவேட்டு மொத்தத்தோடு அது ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் ஆராய்ச்சியைத் தொடங்காதீர்கள். பெரும்பாலும் திரும்பி வந்த சரக்கின் கிரெடிட் நோட்டோ, வரியைச் சேர்த்த தொகையும் சேர்க்காத தொகையும் கலந்ததோதான் காரணமாக இருக்கும்.

டவுனிலிருந்து: கூகுள் ரிவியூ 400 இருக்கு. நல்லது, கெட்டதுன்னு பிரிக்கச் சொன்னா நம்பலாமா?

பாதி நம்பலாம். நம் ஊர்ச் சிக்கலே தனி. "ஒரு மணி நேரம் நிக்க வச்சு நல்லா அல்வா குடுத்துட்டாங்க" என்று ஒருவர் எழுதினால், அது ஏமாற்றிவிட்டார்கள் என்ற வசை. அல்வாக் கடை ரிவியூவில் அந்த வரியைப் பார்க்கும் ஏஐ, "நல்லா", "அல்வா" இரண்டையும் வைத்துப் பாராட்டுக் கணக்கில் சேர்த்துவிடக் கூடும். "வச்சு செஞ்சிட்டாங்க" என்பதும் அப்படித்தான். ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டியிருந்தால் குழப்பம் இன்னும் கூடும்.

400-இல் 50-ஐக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்து, முதலில் நீங்களே கையால் பிரியுங்கள். நல்லது, கெட்டது என்று மட்டும் பிரித்தால் கடைக்காரருக்குப் பயன் இல்லை. காத்திருப்பு, விலை, கடைப்பையன் பேச்சு, வண்டி நிறுத்துமிடம், ருசி, பார்சல் என்று பிரியுங்கள். பிறகு அதே 50-ஐ ஏஐ-யிடம் கொடுத்து ஒப்பிடுங்கள். 45-க்குக் கீழே ஒத்துப்போனால், தப்பான வரிகளை எடுத்துக்காட்டாகச் சேர்த்துக் கட்டளையைத் திருத்துங்கள். "உறுதியில்லை" என்றொரு பிரிவு கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் எதையாவது ஒன்றில் தள்ளிவிடும். ஒவ்வொரு முடிவுக்கும் ரிவியூவின் வரி எண்ணைக் கேட்டு வாங்குங்கள், முதலாளி "யார் சொன்னது?" என்று கட்டாயம் கேட்பார்.

தென்காசியிலிருந்து: புதுசா வர்ற ஒரு கிளையண்டுக்கு மார்க்கெட் சைஸ் கேட்டேன். திருநெல்வேலி மாவட்டத்தில் 30 லட்சம் பேர்னு சொல்லுது. எடுத்துக்கலாமா?

எடுத்துக்கொள்ளாதீர்கள், உங்களையும் சேர்த்து எண்ணியிருக்கிறது! 2011 கணக்கெடுப்பில் மாவட்ட மக்கள்தொகை 30,77,233. தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பரில். பழைய எண்ணைப் புதிய மாவட்டத்தின் தலையில் கட்டினால் சந்தை ஏறக்குறைய இரண்டு மடங்காகத் தெரியும். பின்கோடை நம்பிப் பிரிக்கவும் வழியில்லை. பாளையங்கோட்டை 627002, தென்காசி 627811, இரண்டும் 627-தான். முழு ஆறு இலக்கத்தையும் வைத்துத் தாலுகா வாரியாகப் பட்டியல் போட்டுக் கொடுங்கள்.

"இந்தச் சந்தையின் மதிப்பு இத்தனை கோடி" என்று ஏஐ தானாகச் சொல்லும் எண் எதையும் அறிக்கையில் வைக்காதீர்கள். கீழிருந்து கட்டுங்கள்: எத்தனை கடை, ஒரு கடைக்கு நாளுக்கு எத்தனை பில், சராசரி பில் எவ்வளவு. இந்த மூன்றையும் இரண்டு சனிக்கிழமை, இரண்டு செவ்வாய்க்கிழமை ஆள் நின்று எண்ணினாலே ஒரு மதிப்பீட்டுக்குப் போதும். கூட்டிப் பெருக்குவதை ஏஐ செய்யட்டும்.

ஜங்ஷனிலிருந்து: வீட்டு உபயோகப் பொருள் கடை. 2025 ஆகஸ்ட் கடைசியில வியாபாரம் படுத்துட்டு, அக்டோபர்ல எகிறிட்டு. "புதிய விளம்பர உத்தியின் வெற்றி"ங்குது ஏஐ. எழுதிக் குடுத்துரவா?

கொடுக்காதீர்கள். ஆகஸ்ட் 15 அன்று ஜிஎஸ்டி குறையப்போவதாக அறிவிப்பு வந்தது, செப்டம்பர் 22 முதல் குறைந்தது. ஏசி, 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவி 28 சதவீதத்திலிருந்து 18-க்கு இறங்கின. வாங்க நினைத்தவர்கள் பொறுத்திருக்கலாம். அடுத்த மாதமே தீபாவளியும் வந்துவிட்டது.

இதைச் சோதிக்க உங்கள் கணக்கிலேயே வழி இருக்கிறது. ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் ஏற்கெனவே 18 சதவீதத்தில்தான் இருந்தன. அவற்றைத் தனியாகவும், ஏசி, பெரிய டிவியைத் தனியாகவும் வாரவாரியாக வரையச் சொல்லுங்கள். ஏசி, டிவி மட்டும் படுத்து எழுந்திருந்தால் வரிதான் காரணம். நான்கும் ஒன்றாகப் படுத்திருந்தால் வேறு எங்கோ தேட வேண்டும். ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் எவ்வளவு கூடின என்பதைப் பார்த்த பிறகு விளம்பரத்தின் பங்கைப் பேசலாம்.

வள்ளியூரிலிருந்து: ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம்ல விளம்பரம் ஓட்டுற மெட்டா 80 ஆர்டர் நான் கொண்டுவந்ததுங்குது, கூகுள் 60-ங்குது. கடையில மொத்தமே 95 ஆர்டர்தான் அண்ணாச்சி.

ஒரே ஆர்டரை இரண்டு பேரும் தன் பேரில் எழுதிக்கொள்கிறார்கள். மெட்டாவின் வழக்கமான அமைப்பில், விளம்பரத்தைத் தட்டி 7 நாளுக்குள்ளோ, சும்மா பார்த்து 1 நாளுக்குள்ளோ வாங்கினால் அது மெட்டா கணக்கு. இரண்டு டாஷ்போர்டையும் ஏஐ-யிடம் கொடுத்து "எது நல்லது?" என்று கேட்பதில் பயன் இல்லை. அதனிடம் இருப்பதும் அந்த இரண்டு வாக்குமூலம்தான்.

இரண்டு வாரம் அம்பாசமுத்திரத்தில் மெட்டா விளம்பரத்தை நிறுத்துங்கள், வள்ளியூரில் ஓடட்டும். முந்தைய 8 வாரத்தில் இரண்டு ஊரின் ஆர்டர் விகிதத்தையும், நிறுத்திய பிறகுள்ள விகிதத்தையும் ஏஐ ஒப்பிடட்டும். ஒரு ஊரில் மட்டும் கொடை, குற்றாலம் சீசன் கூட்டம் என்று ஏதாவது இருக்கும் வாரத்தில் இதைச் செய்யாதீர்கள். வாரத்துக்கு 10 ஆர்டர்கூட இல்லாத ஊரில் செய்தால், வரும் வித்தியாசம் வெறும் அதிர்ஷ்டமாகவே இருக்கும்.

சேரன்மகாதேவியிலிருந்து: எதிர்க்கடை விளம்பரத்துக்கு எவ்வளவு செலவழிக்கான்னு ஏஐ சொல்லுமா?

சொன்னால் அது கற்பனை. மெட்டாவின் விளம்பரங்களை யாரும் பார்க்கக்கூடிய ஆட் லைப்ரரி என்ற தளத்தில், ஓடும் விளம்பரமும் தொடங்கிய தேதியும் தெரியும். சாதாரண வியாபார விளம்பரத்தின் செலவு இங்கே காட்டப்படாது. இரண்டு மாதமாக மாற்றமே இல்லாமல் ஓடும் விளம்பரம் அவர்களுக்குப் பலன் தருகிறது என்று ஊகிக்கலாம், ஊகம் என்றே எழுதுங்கள். கூகுள் ட்ரெண்ட்ஸில் வரும் 0 முதல் 100 வரையிலான எண்ணும் தேடல் எண்ணிக்கை இல்லை, அந்தக் காலத்து உச்சத்தை 100 என்று வைத்த ஒப்பீடு.

ஆலங்குளத்திலிருந்து: கஸ்டமர் போன் நம்பரோட ஃபைலை ஏத்தினா தப்பா?

தப்பு. 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், தரவைச் சரியாகப் பாதுகாக்கத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். ஆராய்ச்சிக்கு நம்பரே தேவையில்லை. ஒவ்வொரு நம்பருக்கும் கே001, கே002 என்று குறி கொடுத்து, எது யாருடையது என்ற பட்டியலைக் கடைக் கணினியிலேயே வைத்துவிடுங்கள். திரும்பத் திரும்ப வாங்குகிறவர் யார் என்பதை அந்தக் குறியை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். பெயர், முகவரிப் பத்திகளையும் ஏற்றுவதற்கு முன் அழித்துவிடுங்கள், ஊர்ப் பெயரும் பின்கோடும் மட்டும் இருக்கட்டும்.