பச்சை குத்த வைக்கிங் சின்னம் நல்லதா, அஸ்டெக் சின்னம் நல்லதா?

எதைக் குத்தலாம், அவற்றின் உண்மையான பொருள் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். வட ஐரோப்பாவின் பழைய கடலோடிகளான வைக்கிங்குகளுடையது என்று சுற்றும் எட்டுக் கை கொண்ட வெக்விசிர் திசைகாட்டியையும், பழைய மெக்ஸிகோவின் அஸ்டெக் மக்களுடைய, நடுவில் முகம் இருக்கும் வட்டத்தையும் அநேகமாக ஏற்கெனவே ஃபோனில் சேமித்து வைத்திருப்பீர்கள். எல்லோர் கையும் முதலில் அவற்றுக்குத்தான் போகும்.

நான் திருப்பூரில் டி-ஷர்ட் பிரிண்டுக்கு ஆர்ட்வொர்க் வரைகிறவன். டி-ஷர்ட் ஆர்டர் கொடுக்கும் ஐரோப்பிய பையர்கள் இந்த இரண்டையும் விடாமல் கேட்பார்கள். ஒருமுறை ஒரு பையர் எல்லாவற்றையும் ஒரே படத்தில் கேட்டார்: கொம்பு ஹெல்மெட் போட்ட வைக்கிங், கேடயத்தில் வெக்விசிர், முதுகுக்குப் பின்னால் அஸ்டெக் வட்டம். எனக்கு மனசு ஒப்பவில்லை. உட்கார்ந்து தேடிப் படித்தேன்.

வெக்விசிர் இருப்பது 1860-ல் ஐஸ்லாந்தில் தொகுக்கப்பட்ட ஹுல்ட் கையெழுத்துப் பிரதியில். வைக்கிங் காலம் முடிந்து அதற்குள் கிட்டத்தட்ட 800 வருஷம் ஆகியிருந்தது. இதை வைத்திருப்பவர் புயலிலும் வழி தவற மாட்டார் என்கிறது அந்தப் பிரதி. அழகான நம்பிக்கைதான், குத்திக்கொள்ளுங்கள். வைக்கிங் சின்னம் என்று மட்டும் சொல்லாதீர்கள். கொம்பு ஹெல்மெட் பரவியது 1876-ல் ஜெர்மனியில் மேடையேறிய, வாக்னர் என்ற இசையமைப்பாளரின் இசை நாடகத்தின் உடைகளால். நார்வேயில் 1943-ல் யெர்முன்பு பண்ணையில் கிடைத்த நிஜ வைக்கிங் தலைக்கவசம் மொழுமொழுவென்று உருண்டையாக, கண்ணைச் சுற்றி மூக்குக்கண்ணாடி போட்டதுபோல் இருக்கும். டென்மார்க்கில் கொம்பு ஹெல்மெட் கிடைத்ததே என்று கமெண்டில் யாராவது வருவார்கள். அந்த வெக்ஸோ ஹெல்மெட்டுகள் வெண்கலக் காலத்தவை, வைக்கிங்குகளுக்கு 1,500 வருஷத்துக்கும் மேல் மூத்தவை.

அஸ்டெக் வட்டம் 1790-ல் மெக்ஸிகோ நகரின் மையச் சதுக்கத்தில் மண்ணுக்கடியிலிருந்து வந்த கல். குறுக்களவு சுமார் 3.6 மீட்டர், எடை சுமார் 24 டன். வரையும்போதுதான் அதன் நுணுக்கம் தெரிந்தது. நடு முகத்தில் நீட்டிய நாக்கு ஒரு கல் கத்தி. இரண்டு பக்கமும் நகம் வைத்த கைகள் ஆளுக்கொரு மனித இதயத்தைப் பிடித்திருக்கின்றன. சுற்றியுள்ள நான்கு கட்டங்கள் இதற்கு முன் அழிந்துபோனதாக அவர்கள் நம்பிய நான்கு உலகங்கள், ஒவ்வொன்றையும் அழித்தது ஒன்று: ஜாகுவார், காற்று, நெருப்பு மழை, வெள்ளம். அப்புறம் அவர்கள் நாட்காட்டியின் 20 நாட்களுக்கான குறிகள். வெளிவிளிம்பில் இரண்டு நெருப்புப் பாம்புகள் மேலிருந்து இறங்கி, கீழே வாய் பிளந்து எதிரெதிரே நிற்கின்றன.

கொம்பை எடுத்துவிட்டு இரண்டும் தனித்தனி டி-ஷர்ட்டாகப் போகட்டும் என்று பையருக்கு எழுதினேன். மெர்ச்சண்டைசர் தம்பி "அண்ணே, கேட்டதைப் போட்டுக் குடுத்துருங்க"ன்னு கெஞ்சினான். பையர் ஒத்துக்கொண்டார். சின்ன கோடுகள் பிரிண்ட் ஸ்கிரீனில் அடைத்துக்கொள்ளாமல் இருக்க 20 குறிகளையும் கோட்டுத் தடிமன் மாற்றி வரைந்தேன். ஆர்டர் நன்றாகவே போனது. இரண்டாவது ஆர்ட்வொர்க்குக்கான காசு மட்டும் இன்றுவரை வரவில்லை. டையிங்குக்கும் தையலுக்கும் ரேட் பேசுகிறவர்கள், வரைகிறவன் வேலையைப் பிரிண்ட் ரேட்டுக்குள் சும்மா சேர்த்துக்கொள்கிறார்கள். டிசைன் படித்துவிட்டு வரும் பிள்ளைகள் ஏன் இந்தத் தொழிலில் நிற்க மாட்டேன் என்கிறார்கள் என்று அப்புறம் கேட்கக் கூடாது.

சரி, உங்கள் கேள்வி. நான் ஆராய்ச்சியாளன் இல்லை, வரைகிறவன் கண்ணோடுதான் சொல்கிறேன். வைக்கிங்குகளின் நார்ஸ் பாணி வேண்டுமென்றால் நார்வேயின் உர்னஸ் மரத் தேவாலயத்தின் வடக்குப் பக்கச் செதுக்கலைப் பாருங்கள். மெலிந்த விலங்கொன்றும் பாம்புகளும் ஒன்றையொன்று கவ்விப் பின்னிக் கிடக்கும். கைக்கு அவ்வளவு பொருந்தும். வட ஐரோப்பாவின் பழைய ரூன் எழுத்து வேண்டுமென்றால் மின்னல் வடிவ எழுத்தை இரட்டையாகப் போடாதீர்கள். அது நாஜி எஸ்எஸ் படையின் அடையாளம், ஜெர்மனியில் தடை செய்யப்பட்டது.

அஸ்டெக் என்றால் வெறும் ரத்தபலி என்று நினைத்துக் குத்தாதீர்கள். அவர்கள் பேசிய நாவாட்ல் மொழியை மெக்ஸிகோவில் இன்றும் 15 லட்சம் பேருக்கு மேல் பேசுகிறார்கள். அதே 1790-ல் அதே சதுக்கத்தில் கிடைத்த, பாம்புப் பாவாடை கட்டிய கோவாட்லிக்யே தாய்த் தெய்வத்தின் சிலைக்கு அடிப்பாகத்திலும் செதுக்கல் உண்டு. தரையில் நிறுத்திவிட்டால் யார் கண்ணிலும் படாது, ஆனாலும் முழுசாகச் செதுக்கியிருக்கிறார்கள்.

வட்டத்தையே குத்துவதென்று முடிவு செய்தால், ஊசி வைப்பதற்கு முன் ஸ்டென்சிலில் 20 குறிகளும் இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். இடம் போதவில்லை என்று குறைத்து வரைந்த படங்கள் இணையத்தில் நிறைய.