லிபானியில் ஹஸ்ஸியரை ஹஸ்ஸியரே வீழ்த்தியது ஏன்?

வணக்கம். சிலுவைப்போர்ப் படைகளை மீண்டும் மீண்டும் விரட்டியடித்த ஹஸ்ஸியர் (பொஹீமியாவில், அதாவது இன்றைய செக் நாட்டில், சமயச் சீர்திருத்தப் போதகர் யான் ஹுஸைப் பின்பற்றியவர்கள்), 1434-இல் அங்குள்ள லிபானியில் தமக்குள்ளேயே மோதிக்கொண்டது ஏன் என்று கட்டுரைக்காகக் கேட்டிருந்தீர்கள். அவர்களை ஒரே அணியாகக் கொள்வதில்தான் சிக்கல் தொடங்குகிறது. 1415-இல் யான் ஹுஸ் எரிக்கப்பட்டதால் எழுந்த சினமும், திருவிருந்தில் குருக்கள் மட்டுமே பருகிய திராட்சை ரசக் கிண்ணம் பொதுமக்களுக்கும் உரியது என்ற கோரிக்கையும் அவர்களை இணைத்தன. ஆனால், தொடக்கத்தில் உடைமைகளைப் பொதுப் பெட்டியில் சேர்த்து வாழ்ந்த தாபோரியர் என்ற ஹஸ்ஸியப் பிரிவினரின் தீவிரப் போக்கு, திருச்சபை நிலங்களைக் கைப்பற்றி ஏற்கெனவே பயனடைந்திருந்த பிரபுக்களுக்கு (இதைத்தான் நான் முதன்மையாகக் கருதுவேன்) உவப்பாக இல்லை. பாசெலில் கூடிய கத்தோலிக்கத் திருச்சபையின் பொதுச்சங்கம் சமரசத்துக்கு இறங்கிவந்ததும், ஹஸ்ஸிய மிதவாதிகள் கத்தோலிக்கப் பிரபுக்களுடன் கைகோத்து, பின்வாங்குவதுபோல் பாவனை செய்து, தாபோரியரைப் போர்வண்டி அரணிலிருந்து வெளியே இழுத்து அழித்தனர். கிண்ண உரிமை 1436-இல் ஏற்கப்பட்டது. மதமா வர்க்கமா என்று பிரிக்காமல், நிலம் யார் கைக்குப் போனது என்பதிலிருந்து கட்டுரையைத் தொடங்குங்கள்.