பிரவுசிங் சென்டர் அக்கா பதில்கள்: போட்டோ ஏற மாட்டேன் என்கிறதா?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல். அரசு வேலைக்கு விண்ணப்பிக்க உட்கார்ந்தால் எல்லாக் கட்டமும் நிரம்பிவிடுகிறது, போட்டோவும் கையெழுத்தும் மட்டும் ஏறுவதில்லை. பஸ் ஸ்டாண்டு எதிரே பிரவுசிங் சென்டர் வைத்துக்கொண்டு, கடைசித் தேதி இரவுகளில் ஊரார் விண்ணப்பங்களை நிரப்பியே காலம் தள்ளுகிறவள் என்பதால் ஆசிரியர் மொத்தக் கட்டையும் என் பக்கம் தள்ளிவிட்டார். ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்துப் போட்டிருக்கிறேன்.

கேள்வி: ஐபோனில் எடுத்த போட்டோவை டிஎன்பிஎஸ்சி ஒருமுறைப் பதிவில் ஏற்றப் பார்த்தேன். ஜேபிஜி வேண்டும் என்றது. கம்ப்யூட்டரில் போட்டு, ஃபைல் பெயரின் கடைசியில் ஹெச்இஐசி என்று இருந்ததை அழித்துவிட்டு ஜேபிஜி என்று எழுதினேன். அப்போதும் ஏற்கவில்லையே, ஏன் அக்கா?
(வாசகி, விழுப்புரம்)

பதில்: பெயர் மாறியதே தவிர உள்ளே இருப்பது மாறவில்லை, அதனால்தான். சந்தேகமாக இருந்தால் அந்த ஃபைலை நோட்பேடில் திறந்து பாருங்கள். புரியாத குறிகளாகக் கொட்டும், பயப்பட வேண்டாம். முதல் வரியை மட்டும் பாருங்கள். பிஎன்ஜி படமென்றால் அந்த மூன்று எழுத்தும் அங்கேயே தெரியும். ஜேபிஜி என்றால் பெரும்பாலும் ஜேஎஃப்ஐஎஃப் அல்லது எக்ஸிஃப் என்று இருக்கும். உங்களுடையதில் ஹெச்இஐசி என்றுதான் இருக்கும். இணையதளம் பார்ப்பது இதைத்தான். எதையும் சேமிக்காமல் நோட்பேடை மூடிவிடுங்கள்.

2017-ல் ஐஓஎஸ் 11 வந்ததிலிருந்து ஐபோன் கேமரா இந்த வகையில்தான் சேமிக்கிறது. இடம் மிச்சமாகும் என்பது அவர்கள் கணக்கு. நம் விண்ணப்பத் தளங்களோ 1990-களில் வந்த ஜேபிஜியோடு நின்றுவிட்டன. இனி எடுக்கும் படங்களுக்கு செட்டிங்ஸில் கேமரா, அதில் ஃபார்மட்ஸ், அதில் 'மோஸ்ட் கம்பேட்டிபிள்' என்பதைத் தேர்வு செய்யுங்கள். ஏற்கெனவே எடுத்த படத்துக்கு, அதை 'ஃபைல்ஸ்' ஆப்பில் சேமித்து, அழுத்திப் பிடித்து, 'குவிக் ஆக்‌ஷன்ஸ்' வழியாக 'கன்வெர்ட் இமேஜ்' கொடுத்தால் ஜேபிஜியாக மாற்றித் தரும். ஐஓஎஸ் 16 முதல் இந்த வசதி போனிலேயே இருக்கிறது.

இன்னொன்று. விண்டோஸ் பல நேரம் ஃபைல் பெயரின் வால் பகுதியை மறைத்து வைக்கும். அது தெரியாமல் நீங்களும் ஒரு ஜேபிஜி சேர்த்தால் 'போட்டோ.ஜேபிஜி.ஜேபிஜி' என்று இரட்டை வாலோடு நிற்கும். சில தளங்களுக்கு இரண்டு புள்ளி கண்டாலே ஆகாது. ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் 'வியூ' பகுதிக்குப் போய் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதை டிக் செய்துவிட்டால் முழுப் பெயரும் தெரியும்.

கேள்வி: ஜேபிஜி, ஜேபிஇஜி, ஜேஃபிஃப் என்று மூன்று விதமாகப் பார்க்கிறேன். மூன்றும் வேறு வேறா?
(வாசகர், அருப்புக்கோட்டை)

பதில்: ஒன்றேதான். பழைய டாஸ் காலத்தில் வாலுக்கு மூன்று எழுத்துதான் இடம், அதனால் ஜேபிஇஜி சுருங்கி ஜேபிஜி ஆனது. பிரவுசரிலிருந்து படத்தைச் சேமிக்கும்போது சில கம்ப்யூட்டர்கள் ஜேஃபிஃப் (மேலே சொன்ன அதே ஜேஎஃப்ஐஎஃப்) என்று வைத்துவிடும். உள்ளே எல்லாம் ஜேபிஜிதான் என்பதால், இந்த மூன்றுக்குள் பெயரை மட்டும் மாற்றினால் போதும். விழுப்புரம் வாசகிக்குச் சொன்னது இங்கே பொருந்தாது.

கேள்வி: வங்கித் தேர்வுக்குக் கையெழுத்தை ஸ்கேன் செய்து, அவர்கள் சொன்ன 140க்கு 60 பிக்சலுக்குச் சுருக்கினால் 4 கேபிதான் வருகிறது. குறைந்தது 10 கேபி வேண்டும் என்று தளம் திருப்பி அனுப்புகிறது. எல்லோரும் குறைக்க வழி கேட்பார்கள், நான் கூட்ட வழி கேட்கிறேன்!
(வாசகர், தர்மபுரி)

பதில்: நீங்கள் கேட்பதுதான் நியாயமான கேள்வி. என் கடையிலும் போட்டோவை விடக் கையெழுத்துதான் அதிக நேரம் தின்னும்.

கணக்கைப் பாருங்கள். 140ஐ 60ஆல் பெருக்கினால் 8,400 புள்ளிகள். புள்ளிக்கு மூன்று பைட் என்று வைத்து, துளியும் சுருக்காமல் சேமித்தாலே 25 கேபிக்கு மேல் போகாது. ஜேபிஜியின் வேலையே சுருக்குவது. அதிலும் வெள்ளைக் காகிதத்தில் ஒரு கோடு என்றால் அதற்குக் கொண்டாட்டம். ஒரே நிறமாக இருக்கும் இடத்துக்கு இடமே எடுத்துக்கொள்ளாது. அதனால் 3, 4 கேபிக்கு வந்து நிற்கிறது. உங்கள் ஸ்கேன் சுத்தமாக இருப்பதற்குக் கிடைத்த தண்டனை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வழி இருக்கிறது. வங்கித் தேர்வை நடத்தும் ஐபிபிஎஸ் அமைப்பின் அறிவிக்கையை மறுபடி படியுங்கள். 140க்கு 60 என்பதை 'இப்படி இருந்தால் நல்லது' என்ற அளவில்தான் போட்டிருப்பார்கள். 10 முதல் 20 கேபி என்பதுதான் தளம் வாசலில் நின்று பார்ப்பது. அதனால் அதே விகிதத்தில் பெரிதாக்குங்கள். 280க்கு 120 வைத்துப் பாருங்கள், போதாவிட்டால் 420க்கு 180. ஆனால் சுருக்கிய 4 கேபி ஃபைலை இழுத்துப் பெரிதாக்காதீர்கள், கோடெல்லாம் படிக்கட்டு படிக்கட்டாகத் தெரியும். முதலில் ஸ்கேன் செய்த பெரிய படத்துக்குப் போய், கையெழுத்தை ஒட்டி வெட்டி, அதிலிருந்து இந்த அளவுக்குச் சுருக்குங்கள். இர்ஃபான்வியூ மாதிரி இலவச மென்பொருள் இருந்தால், சேமிக்கும்போது தரத்தை 100 வரை நகர்த்தும் கோடு ஒன்று வரும். அதை ஏற்றினாலும் கேபி கூடும். விண்டோஸோடு வரும் பெயின்ட்டில் அது கிடையாது.

ஸ்கேனரில் 'பிளாக் அண்ட் ஒயிட்' வேண்டாம். பேனா மெலிந்த இடமெல்லாம் அறுந்துபோய், கையெழுத்து துண்டு துண்டாக விழும். 'கிரேஸ்கேல்' அல்லது 'கலர்' வையுங்கள். கறுப்பு மை, கோடு போடாத வெள்ளைத் தாள். பெரிய எழுத்திலேயே பெயரைக் கிறுக்கிக் கையெழுத்து என்று கொடுத்தால் வங்கித் தேர்வுகளில் ஏற்க மாட்டார்கள். பள்ளிக்கூடம் முதல் அப்படியே போட்டுப் பழகிய பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்கள் விண்ணப்பத்துக்கு முன்பே மாற்றிப் பழகிக்கொள்வது நல்லது.

கேள்வி: மகளின் வங்கித் தேர்வு விண்ணப்பத்துக்குப் பெருவிரல் ரேகையும், கையால் எழுதிய உறுதிமொழியும் கேட்கிறார்கள். அவள் வேலைக்குப் போய்விட்டு இரவில்தான் வருகிறாள். நானே எழுதி ஸ்கேன் செய்து வைக்கலாமா?
(ஒரு தந்தை, நாகர்கோவில்)

பதில்: வேண்டாம் ஐயா. உறுதிமொழி மகளின் சொந்தக் கையெழுத்தில், ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். முழுக்கப் பெரிய எழுத்தாகவும் இருக்கக் கூடாது. வேறொருவர் எழுதினால் விண்ணப்பமே செல்லாது. இரவு வந்ததும் ஐந்து நிமிடம் உட்காரச் சொல்லுங்கள்.

ரேகைக்கு இடது பெருவிரல். மையில் விரலை முக்கி எடுத்தால் கோடுகள் நிரம்பிக் கறுப்பு வட்டம்தான் கிடைக்கும். ஸ்டாம்ப் பேடில் லேசாகத் தொட்டு, ஒரு கழிவுத்தாளில் ஒருமுறை வைத்து, இரண்டாவது பதிவை நல்ல தாளில் எடுங்கள். வரிகள் தனித்தனியாகத் தெரியும். ரேகைக்கு 240க்கு 240 பிக்சல், 20 முதல் 50 கேபி. உறுதிமொழிக்கு 800க்கு 400 பிக்சல், 50 முதல் 100 கேபி.

கேள்வி: ஸ்டூடியோவில் கொடுத்த பாஸ்போர்ட் போட்டோவை வங்கித் தேர்வுக்காக 200க்கு 230 பிக்சல் ஆக்கினால் என் முகம் உப்பிப் போகிறது. என்ன செய்ய?
(வாசகி, தஞ்சாவூர்)

பதில்: உங்கள் முகத்தில் குறையில்லை, அறிவிக்கையில்தான் ஒரு வேடிக்கை இருக்கிறது. 3.5 செ.மீ.க்கு 4.5 செ.மீ. போட்டோ என்கிறார்கள், 200க்கு 230 பிக்சல் என்றும் சொல்கிறார்கள். இரண்டும் ஒரே விகிதம் இல்லை. முதலாவதை இழுத்து இரண்டாவதில் திணித்தால் முகம் பத்தில் ஒரு பங்குக்கு மேல் அகலமாகும். தேர்வு மையத்தில் நேரில் பார்த்து ஒப்பிடுகிறவர் கண்ணுக்கு அது உறுத்தும்.

பெயின்ட்டில் படத்தைத் திறந்து, மேலும் கீழும் கொஞ்சம் வெட்டுங்கள். தலைக்கு மேல் இருக்கும் காலி இடமும் சட்டைப் பகுதியும் போகட்டும். அப்புறம் கன்ட்ரோலும் டபிள்யூவும் சேர்த்து அழுத்தினால் 'ரீசைஸ்' வரும். பிக்சலைத் தேர்ந்து, 'மெயின்டெய்ன் ஆஸ்பெக்ட் ரேஷியோ' டிக்கை எடுக்காமல் அகலத்தை 200 ஆக்குங்கள். உயரம் 230க்குப் பக்கத்தில் வந்தால் சரி. வராவிட்டால் பின்வாங்கி, இன்னும் கொஞ்சம் வெட்டுங்கள். 'சேவ் ஆஸ்' போய் 'ஜேபிஇஜி பிக்சர்'. மூலப் படத்தின் மேலேயே சேமித்துவிடாதீர்கள். அடுத்த விண்ணப்பத்துக்கு வேறு அளவு கேட்பான், அப்போது பெரிய படம் வேண்டும்.

ஸ்டூடியோ ஃபைலில் இன்னொரு வம்பு உண்டு. அச்சுக்கென்று சிஎம்ஒய்கே நிறமுறையில் சேமித்துக் கொடுத்துவிடுவார்கள். பார்க்க ஜேபிஜிதான், தளத்தில் ஏற்றினால் நிறம் மாறித் தெரியும், அல்லது ஏறவே ஏறாது. திரைக்கான ஆர்ஜிபி நிறமுறையில் கொடுங்கள் என்று கேட்டு வாங்குங்கள். முகத்தை வெளுப்பாக்கும் கைவேலை வேண்டாம் என்றும் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் செய்துதான் கொடுப்பார்கள், அதுதான் அவர்கள் அன்பு.

கேள்வி: ப்ராப்பர்ட்டீஸில் பார்த்தால் 49.2 கேபி என்றும் அதன் கீழே 52 கேபி என்றும் இரண்டு எண் வருகிறது. 50க்குள் இருக்கிறதா இல்லையா?
(வாசகர், ராமநாதபுரம்)

பதில்: இருக்கிறது. மேலே இருக்கும் 'சைஸ்'தான் ஃபைலின் அளவு. 'சைஸ் ஆன் டிஸ்க்' என்பது ஹார்டு டிஸ்க்கில் அது பிடித்திருக்கும் இடம். வழக்கமாக நான்கு நான்கு கேபியாக ஒதுக்குவதால் 52 ஆனது. ஆனாலும் விளிம்பில் நிற்காதீர்கள், 45க்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

கேள்வி: போனில் நேராக இருக்கும் போட்டோ, தளத்தில் படுத்துக்கொண்டு தெரிகிறது!
(வாசகி, கரூர்)

பதில்: போன் பல நேரம் படத்தைத் திருப்பிச் சேமிப்பதில்லை, 'இதைத் திருப்பிக் காட்டு' என்று ஒரு குறிப்பை மட்டும் உள்ளே எழுதி வைக்கும். அந்தக் குறிப்பைப் படிக்காத தளத்தில் படம் படுத்துவிடும். பெயின்ட்டில் திறந்து, தேவையானால் திருப்பி, புதிய பெயரில் சேமித்தால் தீர்ந்தது.

கேள்வி: 'உடனடியாக 20 கேபி ஆக்கித் தருகிறோம்' என்று நிறைய இணையதளங்கள் இருக்கின்றனவே. பயன்படுத்தலாமா?
(வாசகர், திருவண்ணாமலை)

பதில்: வேலை நடக்கும், மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் ஏற்றுவது மலைக்காட்சி இல்லையே. முகம், கையெழுத்து, பெருவிரல் ரேகை, சாதிச் சான்றிதழ். இந்த நான்கும் ஒரே இடத்தில் யார் கையில் கிடைத்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். போட்டோவை மட்டுமாவது பொறுத்துக்கொள்வேன். கையெழுத்தையும் ரேகையையும் முன்பின் தெரியாத சர்வருக்கு அனுப்ப நான் சம்மதிக்க மாட்டேன். பெயின்ட்டிலேயே முடிகிற வேலை இது.

என்னைப் போன்றவர்கள் கடைக்கு வந்து செய்தாலும் எழுந்து போகும் முன் 'டவுன்லோட்ஸ்' ஃபோல்டரையும் 'ரீசைக்கிள் பின்'னையும் காலி செய்யுங்கள், வாட்ஸ்அப் வெப்பை லாக் அவுட் செய்யுங்கள். மறந்துவிட்டு பஸ் ஏறிவிடுகிறார்கள். அடுத்து உட்காருபவருக்கு அவர்கள் குடும்ப குரூப்பே தெரிகிறது. வாட்ஸ்அப்பில் படத்தை அனுப்பும்போது சாதாரணமாக அனுப்பினால் நசுங்கிவிடும். 'டாக்குமென்ட்' என்று தேர்ந்து அனுப்பினால் மூலப்படம் அப்படியே வரும்.

கேள்வி: சான்றிதழை பிடிஎஃப் ஆகக் கேட்கிறார்கள், என்னிடம் போனில் எடுத்த படம்தான் இருக்கிறது.
(வாசகி, நெய்வேலி)

பதில்: இ-சேவையில் வாங்கியது என்றால் அது பிடிஎஃப் ஆகத்தான் வந்திருக்கும், அந்த ஃபைலையே தேடி எடுங்கள். பழைய காகிதச் சான்றிதழ் என்றால், கம்ப்யூட்டரில் படத்தைத் திறந்து பிரின்ட் கொடுத்து, பிரின்டர் பெயருக்குப் பதில் 'மைக்ரோசாஃப்ட் பிரின்ட் டு பிடிஎஃப்' தேர்ந்தெடுங்கள். கேபி அதிகமென்றால் பிடிஎஃப்போடு மல்லுக்கட்டாமல், உள்ளே போகும் படத்தை முதலில் சுருக்குங்கள். ஏற்றும் முன் பெரிதாக்கி, சான்றிதழ் எண்ணும் முத்திரையும் படிக்க முடிகிறதா என்று பாருங்கள்.

கேள்வி: மத்திய அரசு வேலைக்கான எஸ்எஸ்சி தேர்வுக்கு ஸ்டூடியோ போட்டோவைத் தயாராக வைத்திருந்தேன். ஏற்றும் இடமே காணோம். கையெழுத்தை மட்டும் 6 செ.மீ.க்கு 2 செ.மீ. என்கிறார்கள். சென்டிமீட்டரைக் கம்ப்யூட்டரில் எப்படி அளப்பது?
(வாசகர், தென்காசி)

பதில்: எஸ்எஸ்சி 2024-ல் புதிய தளத்துக்கு மாறியபோது விண்ணப்பிக்கும் நேரத்திலேயே கேமராவில் உங்களைப் படம் பிடிக்கும் முறைக்கு வந்துவிட்டார்கள். கையெழுத்து மட்டும் ஃபைலாக வேண்டும், 10 முதல் 20 கேபி. சென்டிமீட்டரை 2.54ஆல் வகுத்து டிபிஐயால் (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கு) பெருக்கினால் பிக்சல். 200 டிபிஐ என்று வைத்தால் உங்களுக்கு 472க்கு 157 வரும். இந்த அளவில் 10 கேபியும் சிரமமில்லாமல் வந்துவிடும்.

கேமரா முன் உட்காரும்போது ஜன்னல் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கக் கூடாது, முகத்துக்கு எதிரே இருக்கட்டும். பின்னால் வெற்றுச் சுவர், தொப்பியும் மூக்குக்கண்ணாடியும் இல்லாமல். தயாராக வைத்திருக்கும் அந்த ஸ்டூடியோ போட்டோவைக் கேமராவுக்கு முன் நீட்டும் யோசனை மட்டும் வேண்டாம் தம்பி, படத்தைப் படம் பிடித்தால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும்.