தேவாலயக் கடையில் நியாய வணிகப் பொருள் வாங்குவதால் யாருக்காவது உண்மையில் பயன் உண்டா?

கேள்வி இதுதான்: ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபையில் ஒரு மேசை போட்டு நியாய வணிகப் பொருள்கள் (ஃபேர் டிரேட், அதாவது விளைவித்தவருக்கும் செய்தவருக்கும் கட்டுப்படியாகிற விலை கொடுத்து வாங்கிய பொருள்கள்) விற்கிறார்கள். விலை வெளிக்கடையைவிடக் கூடுதல். அந்தக் கூடுதல் பணம் விளைவித்தவருக்குப் போகிறதா, அல்லது வாங்குகிறவரின் மனத்திருப்தியோடு முடிந்துவிடுகிறதா?

போகிறது. ஆனால் கூடுதலாகக் கொடுத்தது முழுவதும் போவதில்லை. போகிற வழியும் பலர் நினைப்பது போல் இல்லை. ஆறு வருடங்களாக எங்கள் சபையில் அப்படி ஒரு மேசையைப் பார்த்துக்கொள்கிறேன், அந்த உரிமையில் எழுதுகிறேன்.

முதல் வருடம் நான் செய்த தவறிலிருந்தே தொடங்குகிறேன். கிறிஸ்துமஸுக்கு மரத்தில் செதுக்கிய குடில் பொம்மைகள் 24 செட் வரவழைத்தேன். அறிவிப்பு வேளையில் எழுந்து நின்று, அவற்றைச் செதுக்கிய கைகளைப் பற்றி உருக்கமாகப் பேசினேன். 9 செட் விற்றது. மீதி 15 செட்டும் மாடிப்படிக்குக் கீழே இருந்த அலமாரிக்குள் போயின. மறு வருடம் வெளியே எடுத்தால் ஒன்றில் கழுதைக்குக் காது ஒடிந்திருந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்த ஒரு பாட்டியம்மா, பக்கத்திலிருந்த காபிப் பொட்டலத்தைக் காட்டி, "தம்பி, இதாவது குடிக்க நன்றாக இருக்குமா, இல்லை இதையும் தர்மத்துக்குத்தான் வாங்க வேண்டுமா?" என்று கேட்டார்.

சுருக்கென்றது. முந்தைய வருடம் வாங்கிய ஒன்பது பேரும் காணிக்கை போடுவது போலத்தான் வாங்கியிருந்தார்கள். காணிக்கை போட்ட பொருளை யாரும் இரண்டாம் முறை வாங்க வருவதில்லை. அதனால் நானும் அந்தப் பட்டறைக்கு மறுபடி ஆர்டர் அனுப்பவில்லை. முதல் ஆர்டரை நம்பி மரம் வாங்கியவர், ஆள் சேர்த்தவர் என்ன ஆனார் என்பது என் கணக்கு நோட்டில் இல்லை.

தேவாலயத்துக்கும் நியாய வணிகத்துக்கும் உறவு பழையது. அமெரிக்க மென்னோனைட் சபையைச் சேர்ந்த எட்னா ரூத் பைலர் 1946இல் போர்ட்டோ ரிக்கோ போய், அங்கே பெண்கள் பூவேலை செய்த துணிகளைக் கொண்டுவந்து, காரின் பின்பெட்டியில் வைத்து ஊர் ஊராக விற்றார். அதிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய 'டென் தவுசண்ட் வில்லேஜஸ்' கடைகள். 1988இல் நெதர்லாந்தில் வந்த முதல் நியாய வணிக முத்திரைக்குப் பின்னாலும் ஒரு பாதிரியார் உண்டு. மெக்சிகோவின் வஹாக்கா மலைகளில் காபி விவசாயிகளோடு வாழ்ந்த ஃபிரான்ஸ் வான் டெர் ஹாஃப் அவர். அந்த விவசாயிகளுக்குத் தேவைப்பட்டது உதவித்தொகை அல்ல, கட்டுப்படியாகிற விலை. இதை நினைவில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும்.

காபியையே எடுத்துக்கொள்வோம். ஃபேர்டிரேட் என்ற நியாய வணிக முத்திரையுள்ள அரபிகா வகைக் காபிக்கொட்டைக்கு ஒரு அடிமட்ட விலை உண்டு. ஈரமுறையில் (பழத்தோலை நீக்கி நீரில் கழுவி) பதப்படுத்தியதற்கு 2023 ஆகஸ்டு முதல் ஒரு பவுண்டுக்கு 1.80 டாலர். ஒரு பவுண்டு என்பது சுமார் 450 கிராம். சந்தை விலை அதற்கு மேலே ஏறினால் சந்தை விலையைக் கொடுக்க வேண்டும். கீழே விழுந்தால் 1.80க்குக் குறையக் கூடாது. இதற்கு மேல் பவுண்டுக்கு 20 சென்ட் தனி நிதியாகக் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போகும். கிணறா, பள்ளிக்கூடமா, காய வைக்கும் களமா என்று உறுப்பினர்களே கூடி முடிவு செய்வார்கள்.

சந்தை நன்றாக இருக்கும் வருடங்களில் அந்த அடிமட்ட விலை வெறும் எழுத்துதான். விழும்போதுதான் அதன் அருமை தெரியும். 2001இல் உலகச் சந்தையில் அரபிகா பவுண்டுக்கு 50 சென்டுக்கும் கீழே போனது. அப்போது ஃபேர்டிரேட் சங்கங்களுக்குக் கிடைத்தது, அன்றைய அடிமட்ட விலையும் தனி நிதியும் சேர்த்து 1.26 டாலர். சந்தையை மட்டும் நம்பியிருந்தவர்களில் பலர் பழத்தைப் பறிக்காமலே விட்டுவிட்டுப் பிழைப்பு தேடிப் போனார்கள்.

என் பார்வையில் விலையைவிடப் பெரிய விஷயம் முன்பணம். உலக நியாய வணிக அமைப்பின் விதிப்படி, கைவினைப் பொருளுக்கு ஆர்டர் கொடுப்பவர், செய்பவர் கேட்டால் குறைந்தது பாதித் தொகையை வட்டியில்லாமல் முன்கூட்டியே தர வேண்டும். வட்டிக்குக் கொடுப்பவரிடம் போகாமல் மூலப்பொருள் வாங்க முடிகிறது என்றால் அதற்கு என்ன மதிப்பு என்று கடன் வாங்கிப் பழகியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கூலிக்காரன் கூலி ஒரு இரவுகூடக் கொடுக்காமல் உன்னிடம் தங்கக் கூடாது என்று மோசேயின் சட்டம் சொல்வதைப் பிரசங்கத்தில் கேட்டுவிட்டு, மேசையில் விற்ற பணத்தை மூன்று மாதம் தகரப்பெட்டியிலேயே வைத்திருந்த சபைகளையும் பார்த்திருக்கிறேன்.

இனி போய்ச் சேராத பக்கம். சான்றிதழ் பெற்ற சங்கம் தன் விளைச்சல் முழுவதையும் நியாய வணிக விலையில் விற்பதில்லை. அந்த விலைக்கு வாங்க ஆள் இருக்கிற அளவுக்குத்தான் விற்க முடியும். மிச்சம் சாதாரணச் சந்தைக்குப் போகிறது. இன்னொன்று, சிறு விவசாயிக்குக் கிடைக்கிற நல்ல விலை, அவர் தோட்டத்தில் கூலிக்கு வேலை செய்கிறவருக்குத் தானாகக் கிடைத்துவிடாது. எத்தியோப்பியாவிலும் உகாண்டாவிலும் லண்டன் பல்கலைக்கழகத்தின் சோவாஸ் ஆய்வாளர்கள் செய்த ஆய்வு 2014இல் வந்தபோது, இந்தக் கூலியாட்களின் நிலைதான் பெரிய விவாதமானது. முத்திரை இருக்கிறது என்பதற்காக எல்லாம் சுகம் என்று மேசையில் நின்று சொல்ல நான் தயாரில்லை. கேட்டால் இதையும் சேர்த்தே சொல்கிறேன். அதனால் விற்பனை குறைந்ததாகத் தெரியவில்லை.

இப்போது, எப்படி ஆதரிப்பது? ஒரே பொருளைத் திரும்பத் திரும்ப வாங்குங்கள். பண்டிகைக்குப் பத்துப் பொருள் வாங்குவதைவிட, மாதா மாதம் ஒரு காபிப் பொட்டலம் மேல். பிடிக்கவில்லை என்றால் முகத்துக்கு நேராகச் சொல்லுங்கள். இரக்கத்துக்காக வாங்கி அலமாரியில் அடுக்காதீர்கள். ருசி சரியில்லை என்ற செய்தி வந்தால்தான் வறுக்கிறவர் மாற்றுவார். அந்தப் பாட்டியம்மாவுக்கு மறுவாரம் ஒரு குவளை போட்டுக் கொடுத்தேன். "கொஞ்சம் கசப்பு, ஆனால் வாங்கலாம்" என்றார். இன்றுவரை வாங்குகிறார்.

அதைவிட முக்கியம், சபையே வாடிக்கையாளராக வேண்டும். ஆராதனைக்குப் பிறகு எல்லோருக்கும் ஊற்றுகிற காபி, தேநீர், சர்க்கரை எங்கிருந்து வருகிறது? எங்கள் சபையில் மேசை ஒரு மூலையில் நியாய வணிகம் பேசிக்கொண்டிருக்க, சமையலறையில் வேறு காபி கொதித்துக்கொண்டிருந்தது. இதைச் சொல்லி சபைக் குழுவைச் சம்மதிக்க வைக்க எனக்கு ஒன்றரை வருடம் ஆனது. பொருளாளர் கணக்குப் போட்டுப் பார்த்து, மாதச் செலவு எவ்வளவு கூடும் என்று தெரிந்த பிறகுதான் தலையாட்டினார். அந்த ஒரு முடிவு, என் மேசையில் ஆறு வருடம் விற்றதைவிட அதிகமான காபியை இழுக்கிறது, அதுவும் தவறாமல்.

நல்ல மனது மட்டும் போதாது என்பதற்கு ஒரு பெரிய உதாரணமும் உண்டு. பிரிட்டனில் 1979இல் தொடங்கிய டிரெய்ட்கிராஃப்ட், சபைகளில் மேசை போட்ட தன்னார்வலர்களின் தோளில் வளர்ந்த நிறுவனம். 2023 ஜனவரியில் அதுவே நிதி நெருக்கடியில் சிக்கி, நொடித்த நிறுவனங்களைக் கையாளும் நிர்வாகிகள் கைக்குப் போனது. அந்தச் செய்தியைப் படித்த அன்று அலமாரியைத் திறந்து என் சரக்கை எண்ணினேன்.

அடுத்த ஞாயிறு உங்கள் சபை மேசையில் இருப்பவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: இதைச் செய்தவருக்குப் பணம் எப்போது போனது? சென்ற வருடமும் இவர்களிடம்தான் வாங்கினீர்களா? பதில் தெரியாமல் அவர் விழித்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள். முதல் வருடம் கேட்டிருந்தால் நானும் அப்படித்தான் விழித்திருப்பேன்.